பெட்டி மவுத்தான பிறகு

பாட்டுப் பெட்டி நாடாவைத் தின்னத் தொடங்கியபோது, நான் வலது இடுப்பை உயர்த்திப் பிடித்தபடி நடு அறையில் நின்றிருந்தேன். கதவு, சன்னல் எல்லாம் அடைத்திருந்தது. குவைத்தில் எசமாட்டி தந்த நீளச் சட்டைக்கு மேல் தலைச் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தேன். நாற்பதை எட்டிப்பார்க்கும் வயது. அந்தக் கோலத்தில் மவுத்தாகிப்போனால் மையித்தைக் குளிப்பாட்ட வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அடிக்கடி யோசித்திருக்கிறேன். யோசித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஆடுவேன். பெட்டி ஒரு தரம் முனகியது. கொட்டு வாசித்த அரபி திடீரென்று கிழவனாகி, பிறகு ஆடு போலக் கத்தி, அடங்கிப்போனான். மூடியைத் திறந்தேன். நாடா இடியப்பம் மாதிரி வெளியே வந்தது.

அந்த ஆட்டத்தை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. குவைத்தில் எசமாட்டியின் பெண்மக்கள் வீட்டுக்குள் ஆடுவார்கள்; நான் குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்று பார்ப்பேன். தோள் அசையாமல் இடுப்பு மட்டும் தனி ஆளாகப் புறப்பட்டுப் போய்த் திரும்பி வரும். எனக்கு இடுப்பு என்ற ஒன்று இருப்பதே வாளி தூக்கும்போதுதான் தெரியும். அவர்கள் கழித்துவிட்ட ஒரு பாட்டுக் கசற்றைக் கேட்டு வாங்கி, உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பழகினேன். அதில் எந்த இடத்தில் கொட்டு நிற்கும், எந்த இடத்தில் வாசிக்கிறவன் தொண்டையைச் செருமுவான் என்பதெல்லாம் மனப்பாடம். ஒருநாள் கலியாண வீடொன்றில் பெண்கள் மட்டும் கூடியிருந்த மண்டபத்தில் எசமாட்டியின் சின்ன மகள் என் கையைப் பிடித்து நடுவுக்கு இழுத்துவிட்டாள். கொட்டுக்காரிகள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அடித்தார்கள். அது கசற்றில் இல்லாத அடி. என் கால் தரையில் ஒட்டிப்போனது. தட்டைத் தேடி எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்துவிட்டேன். உயிரோடு எதிரில் இருக்கும் ஒருவர் அடிக்க, அதற்கு என்னால் ஆட முடியாது என்பது அன்று தெரிந்தது.

ஊர் திரும்பிக் கொஞ்ச நாளிலேயே புருசன் றஸாக் எனக்குத் தலாக் சொன்னார். காரணம் கேட்டேன். "நீ இல்லாம இரிந்து பழகிட்டன். இப்ப நீ இரிக்கக்குள்ள வீடு நெருக்கமா இரிக்கி" என்றார். சண்டை போடும்படி அதில் ஒன்றும் இல்லாததால் நானும் போடவில்லை. கல்முனைக்குடியில் வீடு பொண்டாட்டியுடையது. வாப்பா எனக்குக் கட்டித் தந்தது. ஆகவே றங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான். போனது எங்கே? பின்வளவு வேலிக்கு அந்தப் பக்கம், தன் தங்கச்சி ஸுல்பிகாவின் வீட்டுக்கு. இருமினால் கேட்கும். தலாக் சொன்ன மனிதர் எந்தெந்த நேரத்தில் தொண்டையைச் செருமுகிறார் என்பதும் எனக்கு மனப்பாடம்.

நான் அவருக்காக அழுதது கொஞ்சம். ஸுல்பிகாவுக்காக அழுததுதான் கூட. ஒரே சட்டியில் சோறு தின்றவர்கள் நாங்கள். பெண்கள் கூடும் கலியாண வீடுகளில் அவள் றபான் கொட்டு அடித்தால், நான் பக்கத்தில் இருந்து குரவை போடுவேன். தலாக்குக்குப் பிறகு தன் கூடப்பிறந்த காக்காவின் பக்கம் நிற்க வேண்டியவளாகி, என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். வேலியில் நான் உடுப்புக் காயப்போட வந்தால் அவள் கோழிக்குத் தீன் போடத் திரும்பிவிடுவாள். அவளுடைய கோழிகள் அந்தக் காலத்தில் நன்றாகக் கொழுத்தன.

நாடாவைப் பென்சிலால் சுற்றிக்கொண்டு பின்வாசலில் குந்தியிருந்தேன். வெள்ளாமை வெட்டுக் காலம். ஆம்பிளைகள் எல்லாரும், றஸாக்கும்தான், வெட்டு முடியுமட்டும் வயல் வாடியில் தங்கல். ளுஹர் தொழுகை கழிந்த தெருவில் ஆடுகளைத் தவிர ஆணாய்ப் பிறந்தது ஒன்றும் இல்லை. வேலிக்கு மேலாக ஒரு முக்காடு தெரிந்தது.

"என்னகா மதினி, இன்டைக்கி பாட்டு இல்லையா?"

இரண்டு வருசத்துக்குப் பிறகு அவள் என்னோடு கதைத்த முதல் வார்த்தை. சந்தோசப்பட வேண்டியவள், வெட்கத்தில் செத்தேன். அடைத்த சன்னலுக்குள் நான் காத்துவந்த இரகசியத்தை இவள் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பாட்டு நின்டிட்டு" என்றேன்.

"பாட்டுக்கு என்னத்துக்குகா கதவப் பூட்டுற?"

எழுந்து சால்வையை இடுப்பில் கட்டி ஒரு தரம் ஆட்டிக் காட்டினேன். அவள் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அல்லாஹ்வே! மிக்சர் மெசின் மாதிரி இரிக்கி!" சிரித்து முடித்துவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன். அடுப்பில் காட்டித் தோலைச் சூடேற்றிய றபானோடு வேலிப் படலையால் வந்தாள்.

முதல் நாள் பெரிய கேவலம். அவள் அடித்தாள், நான் கசற்றை ஆடினேன். கொட்டு நிற்கும் என்று நான் இடுப்பை உயர்த்தி நிற்க, அவள் நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்ப் பிடிக்க, அவள் நிறுத்திவிட்டாள்.

"மதினி, நீங்க பெட்டிக்கி ஆடுறீங்க. பெட்டி மவுத்தாகிட்டு. நான்தான் உசிரோட இரிக்கன்."

"நீ அடுத்து என்ன அடிப்பா எண்டு செல்லு. அதுக்கு ஆடுறன்."

"எனக்கே தெரியாது. கேட்டுட்டு ஆடுங்க."

கேட்பது அவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. காது கேட்பதற்கு முன்னால் மனம் ஓடிப்போய் அடுத்த அடிக்குப் பாய் விரித்துக் காத்திருக்கும். றஸாக்கோடு வாழ்ந்ததும் அப்படித்தான். அவர் கேட்கும் முன்னரே தேத்தண்ணி ஊற்றி வைப்பேன். அது அன்பு என்று நினைத்திருந்தேன். அவர் என்ன கேட்க வந்தார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. மெல்ல மெல்ல ஸுல்பிகாவின் கையைப் பார்க்கப் பழகினேன். பிறகு பார்க்காமலிருக்கப் பழகினேன். ஒரு பின்னேரம் அவள் விரல் நுனியால் மட்டும் தோலைத் தடவுவது போல் வாசித்தாள். என் வயிறு தானாக அதற்கு மெல்லச் சுருண்டது. நான் சற்றே தாமதித்தேன். அவள் என்னைப் பார்த்துத் தாமதித்தாள். யார் யாருக்கு அடிக்கிறோம், யார் யாருக்கு ஆடுகிறோம் என்பது கொஞ்ச நேரம் குழம்பிப்போனது. முடிந்ததும் இரண்டு பேரும் செம்பில் தண்ணீர் குடித்தோம்.

"வெட்டு முடிஞ்சிட்டு" என்றாள் அவள், செம்பை வைத்துக்கொண்டே. "நாளைக்கி நெல்லேத்திட்டு வாறாங்க. காக்கா இரிக்கக்குள்ள இஞ்ச வர ஏலா மதினி. வந்தா வீட்ட இரண்டாக்கிப் போடுவாரு."

"நல்லதுதான். இந்த இடுப்புக்கும் ஓய்வு வேணும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. றபானை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு, "போட்டு வாறன்" என்று சொல்லிப் போனாள்.

அடுத்த நாள் உழவு மெசின்கள் நெல் மூட்டைகளோடு தெருவை அதிரவைத்துக்கொண்டு வந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் இருமல் திரும்பியது, பீடிப் புகை திரும்பியது. அவள் கோழிகளும் தீனைத் திரும்பப் பெற்றன. முன்பென்றால் வீட்டின் வெறுமை பழகிய வெறுமை. படுத்தால் தூக்கம் வரும். இப்போது அதற்குள் ஒரு ஆள் வந்துபோன இடம் தெரிந்தது. நடு அறையில் தனியே நின்று பார்த்தேன். உடம்பு அசையவில்லை. கேட்கப் பழக்கிவிட்டாள் பாவி. கேட்க ஒன்றும் இல்லை.

ஒரு முற்பகல் கிணற்றடியில் வாளியை இழுத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அப்பால் ஸுல்பிகா புது அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு தட்டும் சத்தம், எல்லா வீட்டிலும் கேட்கிற சத்தம்தான். தப், தப், தப். பிறகு ஒரு தட்டு பிந்தி விழுந்தது. அடுத்ததில் விரல்கள் ஓலையில் ஓடின. வாளிக் கயிறு என் கையில் நின்றது.

"என்னத்தப் புள்ள புடைக்கிறா இவ்வளவு நேரமா?" றஸாக்கின் குரல்.

"கல்லு கூடவா இரிக்கி காக்கா."

"புது நெல்லுல எங்கால கல்லு?"

சுளகு நின்றுவிட்டது. பீடியை நிலத்தில் தேய்க்கும் செருப்புச் சத்தம். அவர் போகிறாரா, அங்கேயே நிற்கிறாரா என்று தெரியவில்லை. அவள் மீண்டும் தட்டுவாளா என்பதும் தெரியவில்லை. அரிசிக்காக வந்த காகம் ஒன்று வேலியில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் ஒரு தரமும் இந்தப் பக்கம் ஒரு தரமுமாகத் தலையைச் சாய்த்தது. நிறைவாளியை இழுத்தெடுத்து இடுப்பில் வைத்தேன். அந்தச் சத்தமில்லாத இடத்துக்குள் மெதுவாக, மிக மெதுவாக இடுப்பைச் சுற்றினேன். தண்ணீர் விளிம்பைத் தாண்டி என் காலில் சிந்தியது.