மேஜை முனையில் ஒரு கை

அனிமேஷன் படங்களில் அம்மாக்களுக்கு ஆயுசு கம்மி. ஒரு பாட்டுப் பாடுவாள், பிள்ளைக்கு முத்தம் கொடுப்பாள், போய்ச் சேர்ந்துவிடுவாள். நான் வரைந்த அம்மாக்களில் ஒருத்தியாவது இடைவேளையைப் பார்த்ததில்லை. இந்தப் படத்திலும் அதே கதிதான் என்றதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏன் சார், இவளையாவது விட்டு வைக்கக் கூடாதா?”

“அம்மா உயிரோட இருந்தா புள்ளையைத் தனியா காட்டுக்குள்ள யாரும்மா விடுவா?” என்றார் இயக்குநர். “சரி, இவ இருந்தே ஆகணும்னு தோணற மாதிரி ஒரே ஒரு காட்சி வரைஞ்சு காட்டு. நாளைக்கு வரைக்கும் டைம். இல்லன்னா சுவத்துல போட்டோதான்.”

வரைவதற்கு முன் அசைவை நாங்களே நடித்துப் படம்பிடித்துக்கொள்வோம். கேமராவை ஓடவிட்டு ஒரு தலையணையைக் கொஞ்சினேன், அணைத்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எனக்கே சகிக்கவில்லை. சோப்பு விளம்பரம் தோற்றது, போங்கள்!

அந்த நேரம் பார்த்து மகளோடு அக்கா வந்தாள். வரும்போதே போனில் பிளம்பரோடு சண்டை.

“என்னங்க வேலை பாத்தீங்க? இன்னும் ஒழுகுது!”

பென்சில் ஒன்று உருண்டு விழ, குழந்தை மேஜைக்கடியில் புகுந்தாள். எடுத்ததும் சடாரென்று எழுந்தாள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அவள் இடது கை மேஜை முனையைப் பொத்தியிருந்தது. தலை அந்தக் கையில் மோதியது. குழந்தை பாட்டுக்கு ஓடிவிட்டாள். அக்கா கையை ஓர் உதறு உதறிவிட்டு, “நாளைக்கெல்லாம் முடியாது, இன்னிக்கே வாங்க!” என்று சண்டையைத் தொடர்ந்தாள்.

கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. அடி அக்கா, அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்டி!

சண்டையோடு சேர்த்து அப்படியே வரைந்தேன். மறுநாள் இயக்குநர் இரண்டு முறை போட்டுப் பார்த்தார். இரண்டாம் முறை அவர் கை தானாக உச்சந்தலையைத் தடவியது.

“இவளைக் கொல்ல எனக்கு மனசு வராதும்மா. காட்டுக்கு ரெண்டு பேருமே போகட்டும்.”

படம் வெளியான அன்று அக்காவைத்தான் முதலில் கூட்டிப்போனேன். அந்தக் காட்சி வந்ததும் அவள் என் காதருகே சாய்ந்தாள்.

“யாருடி இவ, இவ்வளவு கெட்டிக்காரி! எனக்கெல்லாம் இப்படிக் கை போகுமா?”

மகள் அவள் மடியில் தூங்கிப்போயிருந்தாள். அந்தச் சின்னத் தலைக்கும் நாற்காலியின் கைப்பிடிக்கும் நடுவில் அக்காவின் இடது கை இருந்தது.