தங்கசாமி வீட்டு மண்டை

என் மாமனார் தங்கசாமிக்குத் தன் வீட்டைச் சேர்ந்த எதைப் பற்றியும் பெருமைதான். தலையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதல். குலதெய்வக் கோயிலில் பேத்திக்கு மொட்டை அடித்தபோது, அந்தப் பெரிய தலையை இரு கையாலும் தடவி, "பாத்தீங்களா, எங்க ஊட்டு மண்டை! உள்ள சரக்கு இருந்தாத்தான் இந்த அளவு வரும்" என்று ஊர் கேட்கச் சொன்னார்.

அந்தத் தலைக்குச் சொந்தக்காரி என் மகள் இலக்கியா. நான்கு வயதாகியும் 'அம்மா'வைத் தாண்டி ஒரு சொல் வரவில்லை. மாமனாருக்கு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. "குஞ்சு சரியில்லீன்னா எந்த ஹேச்சரில பொரிச்சதுன்னுதான் மொதல்ல கேக்கோணும்" என்றார், என்னைப் பார்த்து. மண்டை அவர்கள் வீட்டது, பேச்சு வராதது மட்டும் ஆத்தூரில் இருக்கும் என் பிறந்த வீட்டது. எவ்வளவு சௌகரியமான கணக்கு!

"புள்ளையக் கூட்டீட்டு உங்கம்மா ஊட்டுலயே இருந்துக்க சாமி" என்றும் சொல்லிவிட்டார். என் கணவர் கதிர்வேல் அப்பா எதிரில் வாய் திறக்கமாட்டார். எனக்கு வாய் உண்டு.

"போறேன் மாமா. எந்தப் பக்கத்துக் குறைன்னு ரத்தம் சொல்லட்டும். அப்புறம் போறேன்."

சேலத்தில் மரபணு மருத்துவர் மோகனப்பிரியா சோதித்தார். இலக்கியாவுக்குப் பதினாறாவது குரோமோசோமில் ஒரு சிறு துண்டைக் காணவில்லை. இரண்டு பிரதி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான். என் ரத்தத்தில் இரண்டும் இருந்தன. கதிர்வேலுக்கு ஒன்றுதான். "லேப்ல மாத்தி வெச்சுட்டானுக" என்று குதித்த மாமனார், தானே கையை நீட்டி ரத்தம் கொடுத்தார்.

முடிவு வந்த அன்று அவரையும் அழைத்துப் போனேன்.

"உங்களுக்கும் அந்தத் துண்டு இல்லீங்க ஐயா" என்றார் மருத்துவர். "இது இல்லாதவங்களுக்கு மூளை சராசரியா கொஞ்சம் பெருசா வளரும், தலையும்தான். பெருசுன்னா அறிவு கூடன்னு அர்த்தமில்ல. சிலருக்குப் பேச்சு தாமதமாகும். சிலருக்கு வெளியவே தெரியாது."

"நானும் என்ர பையனும் நல்லாத்தானுங்க பேசறோம்?"

"எந்த வயசுல பேச ஆரம்பிச்சீங்க?"

மாமனார் சுவரைப் பார்த்தார். பண்ணையில் ஆள்களை அதட்டும் குரல் எங்கோ போயிருந்தது.

"பள்ளிக்கூடத்துல என்னைய ஊமையன்னுதானுங்க கூப்புடுவாங்க. பேச்சு வந்ததுக்கப்பறம் அதைய யாருகிட்டயும் சொன்னதில்ல."

பொய் சொல்வானேன், ஜெயித்த சந்தோஷம் எனக்கு இருந்தது. ஆனால் அந்தப் பெரிய தலை குனிந்ததும் அது அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டார். "கழிவுக்கோழின்னு ஒதுக்கறதா இருந்தா, என்னையத்தான மொதல்ல ஒதுக்கியிருக்கோணும்? நீ உங்கம்மா ஊட்டுக்குப் போறியா சாமி?"

"போறேன் மாமா, பொங்கலுக்கு. பேச்சுப் பயிற்சி திங்கக்கிழமை இங்கதான் ஆரம்பிக்குது. வாராவாரம் வரணும். கார் சாவியைக் குடுங்க."

அவர் தரவில்லை. இலக்கியாவைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"நானே ஓட்டறேன். வகுப்புலயும் கூடவே உக்காந்துக்கறேன். அந்த ஊமையனுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல சாமி."