இருபத்தைந்து நிமிடம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என்னிடம் கேட்கப்பட்டது. திங்கட்கிழமை காலை பீன்ஸை ஊறப்போட்டுவிட்டுக் கையைத் துடைக்கும்போது பால்டிமோரிலிருந்து ஷானா போன் செய்தாள்.

"அத்தை, நீங்களே சொல்லுங்க. நாங்க அங்க வந்துடவா, வேணாமா?"

ஷானா என் ஒன்றுவிட்ட தம்பி ஏர்லின் மகள். ஏர்ல் பத்தொன்பது வயதில், மலைகளுக்கு நடுவில் ஓடையோரமாக வீடுகள் இருக்கும் இந்தப் பள்ளத்தை விட்டுப் பால்டிமோர் இரும்பாலைக்குப் போனவன். ஓய்வு பெற்றதும் திரும்பி வந்து, பள்ளத்தின் மேல்கோடியில் இருக்கும் அவன் அப்பா வீட்டில் ஏழு வருடம் இருந்துவிட்டு, போன வருடத்துக்கு முந்தின வருடம் செத்துப்போனான். அந்த வீடு இப்போது ஷானாவுக்கு. பூட்டிக் கிடக்கிறது.

"எழுதிப் பார்த்தாத்தாண்டி முடிவு தெரியும்," என்றேன், விளையாட்டாக.

"அப்ப எழுதிப் பாருங்க. வெள்ளிக்கிழமை மதியம் பன்னண்டுக்குள்ள."

அவள் சிரிக்கவில்லை. அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் இன்னொரு வருடம் இருப்பீர்களா மாட்டீர்களா என்று கேட்டு வைத்த கெடு அது.

பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருடம் சோளரொட்டி சுட்டவள் நான். படித்தது எட்டாவது. கதை எழுதக் கற்றுக்கொண்டது அடுப்பு ஆறும் நேரத்தில். வியாழக்கிழமைதோறும் நூலகத்தில் பதினொரு நாற்காலிகளுக்கு வாசித்துக் காட்டுவேன், கரடிக் கதை, ஆவிக் கதை, தேர்தலில் தோற்றவன் கதை. அவற்றில் வருகிறவர்கள் யாரும் கதையின் முடிவைக் கேட்டுவிட்டு வீட்டைக் காலி செய்யப்போவதில்லை. அதனால் இதை மட்டும் அடித்து அடித்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா.

2

தொடக்கங்கள்:

(அ) மேற்கு வர்ஜீனியாவின் மலைகள் ஷானாவைக் கூப்பிட்டன...

(அடித்துவிட்டேன். எழுபத்தொன்பது வருடமாக இந்த மலைகளுக்கு நடுவில் இருக்கிறேன். என்னை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.)

(ஆ) நகரத்து வாழ்க்கை அலுத்துப்போன ஒரு பெண்...

(அலுக்கவில்லை. அவளுக்கு பால்டிமோர் பிடிக்கும். மூலைக்கடை நண்டு ரொட்டி பிடிக்கும், பேருந்தில் சண்டை போடுகிறவர்களை வேடிக்கை பார்க்கப் பிடிக்கும்.)

(இ) ஷானாவின் மகன் வெஸ்லிக்கு ஆறு வயது. அவனுக்கு மூச்சு வாங்கும்.

இதுதான். இதைத் தவிர மற்றதெல்லாம் அலங்காரம். பால்டிமோரில் அவர்கள் இருப்பது மூன்றாவது மாடி. ஜன்னலுக்குக் கீழே பெரிய சாலை, இரவும் பகலும் லாரி. போன குளிர்காலத்தில் மட்டும் நான்கு முறை பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆனால் ஆஸ்பத்திரி ஆறு நிமிடத்தில்.

போன கோடையில் இரண்டு வாரம் ஏர்ல் வீட்டைத் திறந்து இங்கே தங்கினார்கள். அந்த இரண்டு வாரமும் மூச்சு மெஷின் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. பையன் சட்டையில்லாமல் ஓடையில் ஏறி இறங்கினான். பால்டிமோர் டாக்டரிடம் சொன்னபோது, "ரெண்டு வாரத்தை வச்சு எதையும் சொல்ல முடியாது, ஆனா நல்ல விஷயம்தான்" என்றாராம். டாக்டர்களும் கதை எழுதுகிறவர்களைப் போலத்தான், முடிவைச் சொல்லச் சொன்னால் நழுவிவிடுவார்கள்.

ஆகவே கேள்வி இது: மூச்சு அடிக்கடி முட்டுகிற இடத்தில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பதா? முட்டாமலே இருக்கக்கூடிய இடத்தில், முட்டினால் தூரத்தில் இருப்பதா?

3

அந்தத் தூரத்தைப் பற்றி ஷானா விசாரிக்காமல் இல்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் பள்ளத்தின் வாயில், பாலத்தை ஒட்டியிருக்கும் ஆம்புலன்ஸ் கொட்டகைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஹோபர்ட் வண்டியின் அடியில் படுத்திருந்தான். எங்கள் ஊரில் ஆம்புலன்ஸ் ஓட்டுவது சம்பள வேலையல்ல. போன் வந்தால் அவரவர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவார்கள். ஹோபர்ட் இருபது வருடமாக ஓடிவருகிறான்.

"ஹோபர்ட் மாமா, இங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபத்தஞ்சு நிமிஷம்," என்றது வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"நிச்சயமா?"

"என் பொண்டாட்டிக்கு வலி எடுத்தப்ப இருபத்திரண்டுல போனேன். அவ திட்டின திட்டுல வண்டி தானா ஓடுச்சு."

கொட்டகையில் இருந்த இன்னும் இரண்டு பேரும் இருபத்தைந்து என்றார்கள். ஷானா என்னைப் பார்த்தாள். நானும் இருபத்தைந்து என்றேன். அவள் அதைப் போனில் குறித்துக்கொண்டாள்.*

* யாரும் பொய் சொல்லவில்லை. இதை நினைவில் வையுங்கள். எனக்கு இது பிறகு தேவைப்படும், எனக்காக வாதாட.

4

ஷானாவைப் பாத்திரமாக எழுதுவதில் சிக்கல். செவ்வாய்க்கிழமை எழுதிய இரண்டு பக்கத்தை அவளுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். (தப்பு. பாத்திரங்களுக்கு வாசித்துக் காட்டவே கூடாது.)

"அத்தை, நான் எங்க ஜன்னல் பக்கத்துல நின்னு அழுதேன்?"

"கதையில அழற."

"நான் அழற ஆளா? அன்னிக்கு வீட்டுக்காரர்கிட்ட கத்தினேன், அதை எழுதுங்க. அப்பறம் டெரிக் ஒரு வார்த்தை பேசல. அவன் என்ன ஊமையா?"

டெரிக் அவள் புருஷன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அவனை எனக்கு அதிகம் தெரியாது, அதனால் பேசவைக்கவில்லை. பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது: "அத்தைகிட்ட சொல்லு, நான் வர ரெடி. ஆனா அங்க என்னை எல்லாரும் இன்னும் நாப்பது வருஷத்துக்கு 'ஏர்ல் மாப்பிள்ளை'ன்னுதான் கூப்பிடுவாங்க, சரியா?"

"நாப்பத்தஞ்சு," என்றேன்.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் போனை வைக்க மனமில்லாமல் ஏதேதோ பேசி இழுத்தேன். ஏனென்றால் கதை சொல்கிறவளைப் பற்றி உங்களிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன்.

அவர்கள் வரவேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் கல்யாணமாகி வந்தபோது இந்தப் பள்ளத்தில் முப்பத்தொரு வீட்டில் விளக்கு எரிந்தது. இப்போது ஒன்பது. குழந்தை இல்லாததால் பள்ளிக்கூடப் பேருந்து உள்ளே வருவதில்லை, பாலத்தோடு திரும்பிவிடுகிறது. திங்கட்கிழமையிலிருந்து நான் எழுதிய ஒவ்வொரு வரியிலும் காற்று சுத்தமாக இருக்கிறது, கவனித்தீர்களா? ஜனவரியில் நிலக்கரி அடுப்புப் புகை ஒன்பது வீட்டிலிருந்தும் இறங்கி ஓடைமேல் படுத்துக்கிடப்பதை நான் எழுதவே இல்லை. இப்போது எழுதிவிட்டேன். இனிமேல் என்னைக் கொஞ்சம் சந்தேகத்தோடு வாசியுங்கள்.

5

புதன்கிழமை, தள்ளிக்கொண்டே வந்த காட்சியை எழுத உட்கார்ந்தேன்.

"ஜனவரி. காலை எட்டு மணி. ஏர்ல் வீட்டுச் சமையலறையில் வெஸ்லி ஷூ மாட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போயிற்று. ஷானா மெஷினைப் போட்டாள். பத்து நிமிடம். நிற்கவில்லை. போனை எடுத்தாள். 8.12."

8.12 என்று எழுதிவிட்டேன். மணி எழுதிவிட்டால் அப்புறம் கணக்காக நடக்க வேண்டும், இது கதைக்காரர்களுக்குத் தெரியும். ஹோபர்ட் கொட்டகைக்கு வந்துசேர எட்டு நிமிடம். 8.20. பாலத்திலிருந்து வண்டி மேலே ஏற வேண்டும். நான்கு மைல், சரளைக்கல் பாதை, ஓடையை இரண்டு இடத்தில் தண்ணீரிலேயே கடக்க வேண்டும். பதினெட்டு நிமிடம். 8.38. பையனை ஏற்றிக்கொண்டு இறங்கப் பதினெட்டு. 8.56. வண்டி இப்போதுதான் பாலத்துக்கு வந்திருக்கிறது. அப்புறம்தான் இருபத்தைந்து...

பேனாவை வைத்துவிட்டேன்.

இந்த ஊரில் எல்லோரும் பாலத்திலிருந்துதான் எண்ணுவோம். கடை பத்து நிமிடம் என்றால் பாலத்திலிருந்து பத்து நிமிடம். கோர்ட்டு அரைமணி என்றால் பாலத்திலிருந்து அரைமணி. பாலம் வரைக்கும் வீடு. படுக்கையறையிலிருந்து வாசலுக்கு வரும் நேரத்தை யாராவது பயணத்தில் சேர்ப்பார்களா? என் மாமனாரும் அப்படித்தான் எண்ணினார். ஆறு வயதுப் பையனின் மூச்சையும் நான் அப்படியே எண்ணிச் சொல்லிவிட்டேன்.

கோட்டை மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தேன்.

"ஹோபர்ட், ஆஸ்பத்திரி எவ்வளவு நேரம்?"

"அட வெல்டாக்கா, மறந்துபோச்சா? இருபத்தஞ்சு."

"எங்கேர்ந்து?"

"பாலத்துலேர்ந்து."

"பாலத்துல யார் குடியிருக்கா?"

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். "ரெண்டு மீனு," என்றான் மெதுவாக.

அவன் வண்டியிலேயே மேலே போய், ஏர்ல் வீட்டு முற்றத்திலிருந்து கடிகாரம் பார்த்துக் கிளம்பி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனோம். காய்ந்த பாதை, நல்ல வெயில், எதிரில் ஒரு வண்டி இல்லை. நாற்பத்து மூன்று நிமிடம். ஷானாவே காரில் பையனைத் தூக்கிக்கொண்டு இறங்கிவந்து பாலத்தில் ஆம்புலன்ஸைப் பிடித்தால் இது. பனி விழுந்தால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

திரும்பும்போது ஹோபர்ட் பாலத்துக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தான். அப்புறம், "சொல்லப்போறியா?" என்றான்.

"சொன்னா வரமாட்டாங்க."

"சொல்லலைன்னா வந்துடுவாங்க."

இரண்டும் ஒரே வாக்கியம் மாதிரிதான் இருந்தது. ஆனால் அவன் சொன்னது என்னைக் குத்தியது.

என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்து, "உனக்கென்னக்கா, பாலத்துக்கு ரெண்டே நிமிஷம்," என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். நான் கதவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றேன்.

6

வியாழக்கிழமை நூலகத்துக்குப் போகவில்லை. பதினொரு நாற்காலிக்கும் மன்னிப்பு. ஷானாவைக் கூப்பிட்டுச் சொன்னேன், நிமிடம் நிமிடமாக.

மறுமுனையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"நாப்பத்து மூணு," என்றாள்.

"காய்ஞ்ச நாள்ல."

"எல்லாரும் இருபத்தஞ்சுன்னீங்க. நாலு பேரும்."

"ஆமாண்டி. வேணும்னு சொல்லல. ஆனா தப்பு தப்புதான்."

"டெரிக் அந்த நம்பரை ஃப்ரிட்ஜ்ல எழுதி ஒட்டியிருக்கான், அத்தை." மெஷினை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இங்க ஆறு நிமிஷம். நாலு தடவை ஓடினேன். அங்க ரெண்டு வாரம் ஒரு தடவைகூட ஓடல. அந்த ஓடாத நாளை எல்லாம் எந்தக் கணக்குல சேர்க்கறது?"

இதற்குப் பதில் தெரிந்த மாதிரி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன், அதைக் கிழித்துவிட்டேன்.

"நாளைக்கு வரைக்கும் டைம் இருக்கு," என்றாள். "கதையை முடிச்சுட்டுக் கூப்பிடுங்க." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

முடிவுகள், எழுதி அடித்தவை:

வருகிறார்கள். ஒருநாளும் ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை. (என் ஆசை எழுதியது.)

வரவில்லை. பால்டிமோரில் பையன் வளர வளர மூச்சு சரியாகிவிடுகிறது. (என் குற்றவுணர்வு எழுதியது.)

வருகிறார்கள். ஜனவரி, காலை 8.12... (இதை முடிக்கவில்லை. முடிக்கவும் மாட்டேன், என்னைக் கேட்காதீர்கள்.)

7

வெள்ளிக்கிழமை, பதினொன்று நாற்பது.

இன்னொரு முடிவு இருக்கிறது. புதன்கிழமையிலிருந்தே இருக்கிறது. நான்தான் அதைச் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அவர்கள் என் வீட்டுக்கு வரலாம். நான் ஏர்ல் வீட்டுக்குப் போகலாம்.

பெரிய தியாகம் மாதிரி இருக்கிறதல்லவா, அதனால்தான் எனக்கே இதன்மேல் நம்பிக்கை வரவில்லை. என் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் இருக்கிறது. எனக்கும் ஒருநாள் ஆம்புலன்ஸ் தேவைப்படும், அந்த நாளில் நான் மேல்கோடியில் இருப்பேன். எல்லோரும் சேர்ந்தே இருந்தால் என்ன என்பீர்கள். இரண்டு அறை, நான்கு பேர். ஷானா என்னைப் பொறுத்துக்கொள்வாள். பத்தொன்பது வருடம் தனியாக இருந்த நான் அவளை எத்தனை நாள் பொறுத்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது. அதோடு என் வீட்டிலும் நிலக்கரி அடுப்புதான். அதை எடுக்க வேண்டும், சுவரைக் கழுவ வேண்டும், அப்படியும் அவன் மூச்சு ஒத்துக்கொள்ளுமா என்று யார் சொல்வது?

நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஹோபர்ட்டுக்குக்கூடத் தோன்றியிருக்காது.

போனைக் கையில் வைத்திருக்கிறேன். வாக்கியத்தின் முதல் பாதி தயார்:

"ஷானா, என் வீடு பாலத்துலேர்ந்து ரெண்டு நிமிஷம், அதனால..."

மீதியை நீங்கள் எழுதுங்கள். கதை கேட்கிறவர்கள் பொதுவாக நல்ல மனசுக்காரர்கள், எனக்குத் தெரியும், அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். தாராளமாக எழுதிவிடாதீர்கள் கண்ணுகளா, மேலே போய்ப் படுக்கப்போவது நான். கஞ்சத்தனமாகவும் எழுதிவிடாதீர்கள். மூச்சு அவனுடையது.

பதினொன்று நாற்பத்தாறு.