பி சைடின் கடைசிப் பாட்டு

1

இந்தக் கதையை எழுத எனக்கு விருப்பம் இருக்கவில்லை. ஒரு தனியார் வானொலி நிலையத்தில் வேலை செய்யும் அனில் மார்ச் மாதம் போன் செய்தார். பழைய பாப் குழு ஒன்றுக்கு விழா எடுக்கிறார்களாம், விழா மலருக்குத் தமிழில் இரண்டு பக்கம் வேண்டுமாம். திருவனந்தபுரத்தில் தமிழில் எழுதுகிற ஆள் என்று தனக்குத் தெரிந்தவர் நான் ஒருத்திதான் என்றார். (பிறகு விசாரித்தேன். நான் நான்காவது ஆள். மற்ற மூவரும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அது சொல்ல வராது.)

பகல் முழுக்க மலையாள அரசாணைகளைத் தமிழாக்கும் வேலை எனக்கு. கரமனையில் வீட்டுக்கு வந்து சேரும்போது இரண்டு மொழியும் வேண்டாம் என்றிருக்கும். அப்படிப்பட்ட ஒரு மாலையில் எழுதிய முதல் தொடக்கம் இது:

"1989-ஆம் ஆண்டு, கரமனை ஆற்றங்கரையில், மூன்று கிடார்களும் ஒரு கனவும்..."

விட்டுவிட்டேன். ஒரு கிடார்தான் இருந்தது. இடமும் ஆற்றங்கரை இல்லை, ஒரு சைக்கிள் கடையின் மாடி. கனவு பற்றி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். குழுவின் பெயர் கிள்ளியாறு பாய்ஸ். நான்கு ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு 'பாய்ஸ்' என்று பெயர் வைத்ததில் யாருக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. ஒரே ஒரு கேசட் போட்டார்கள். அதே வருடம் வானொலியில் ஞாயிறு காலை 'பத்துக்குப் பத்து' என்று ஒரு நிகழ்ச்சி. நேயர்கள் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பும் பாட்டுகளை எண்ணி, பத்தாவது இடத்திலிருந்து முதலிடம் வரை ஒலிபரப்புவார்கள். அந்த அட்டைகளும் இல்லை, பட்டியல்களும் இல்லை. யார் எந்த இடத்தில் இருந்தார்கள் என்பது இன்று ஆட்களின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

2

குழுவின் தலைவர் சற்குணத்துக்கு இப்போது அறுபத்தேழு வயது. நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே பேசினார். பலமுறை சொல்லித் தேய்ந்த கதை என்பது அவர் நிறுத்தும் இடங்களிலேயே தெரிந்தது.

"ஏழு ஆழ்ச்ச மேடம். நம்ம பாட்டு ஏழு ஆழ்ச்ச ஒண்ணாமது. எழுதிக்கிடுங்க."

ஏழு வாரம் முதலிடம் என்று எழுதிக்கொண்டேன். 'நம்ம பாட்டு' என்ற சொல்லை அப்போது கவனிக்கவில்லை. எல்லோரையும் போல நானும் அது 'இருபத்திரெண்டாம் வளைவு' என்றே எடுத்துக்கொண்டேன். பொன்முடிக்குப் போகும் பாதையின் கடைசி வளைவைப் பற்றி அவரே எழுதி, அவரே பாடியது.

(இங்கே கொஞ்சம் கட்டுரையாகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரசிகர்களின் வாட்ஸாப் குழுவில் அறுபத்து மூன்று பேர் இருக்கிறார்கள். அனில் என்னையும் சேர்த்துவிட்டார். அந்தப் பாட்டு நான்கு வாரம் முதலிடம் என்கிறார் ஒருவர், பதினொன்று என்கிறார் இன்னொருவர். தொண்ணூற்றிரண்டில் பிறந்த ஒருவருக்குக்கூட ஞாபகம் இருக்கிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு புரிந்தது, இவர்களுக்கு ஞாபகமிருப்பது இடம் அல்ல, அந்த ஞாயிறு. அப்பா கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தார், தெருவில் மீன்காரர் சைக்கிளை நிறுத்தியிருந்தார், பாட்டு வந்தது. அப்படிப்பட்ட காலையில் வந்த பாட்டு முதலிடமாக இல்லாமல் வேறென்னவாக இருக்கும்?)

3

அந்த அறுபத்து மூன்று பேரில் ஒருவர் எந்தச் சண்டையிலும் கலந்துகொள்ளவில்லை. ஒரு நாள் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: "மேடம், நோட்டு இருக்கு."

அவர் பெயர் பிச்சைக்கனி. சாலை பஜாரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் வந்தவர். மதியக் கூட்டம் முடிந்த பிறகு, மூன்று மணிக்கு, கடைசி மேஜையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். நீளமான நோட்டு. ஒவ்வொரு ஞாயிறும் மாவு பிசைந்துகொண்டே கேட்டு, கையைத் துடைத்துவிட்டு எழுதியிருக்கிறார். சரியாகத் துடைக்கவில்லை. பக்கங்களில் மாவு படிந்த விரல் தடங்கள் இருந்தன.

1989 ஜூலை 9 முதல் ஆகஸ்ட் 20 வரை ஏழு ஞாயிறுகள். ஏழிலும் 'இருபத்திரெண்டாம் வளைவு' இரண்டாவது இடத்தில் இருந்தது. அதற்கு மேலே, முதலிடத்தில், ஏழு வாரமும் ஒரே பாட்டு: 'ஈரக்குடை'. அதே கேசட், பி சைடு, கடைசிப் பாட்டு. பக்கத்தில் பிச்சைக்கனியின் கையெழுத்தில் 'பாடியது பெண், பேர் சொல்லல்ல' என்று இருந்தது. வானொலியில் இரண்டுக்கும் குழுவின் பெயரை மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள்.

வாட்ஸாப் குழுவில் இவ்வளவு சண்டை நடந்தும் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"கேட்டா காட்டலாம்னு இருந்தேன் மேடம். யாரும் கேக்கல. எல்லாருக்கும் ஞாவகம் இருக்குன்னாங்க."

4

இந்த இடத்தில் எனக்குப் பிச்சைக்கனி மேல் சந்தேகம் வந்ததை ஒப்புக்கொள்கிறேன். கதாசிரியருக்கு இவ்வளவு வசதியான மனிதர் எதற்காக வருகிறார்? ஒரு வரைவில் அவரைப் பொய்யராகவும் எழுதிப் பார்த்தேன். ஓடவில்லை. பொய் சொல்ல நினைக்கிறவர் ஐம்பத்திரண்டு வாரத்துக்கும் பத்துப் பாட்டு வீதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்.

சற்குணத்திடம் கேசட்டை வாங்கிப் பார்த்தேன். அட்டையில் பெண் பெயர் இல்லை. யார் என்று கேட்டதற்கு, சுசீலாபாய் என்றும், அந்த வருடம் மே மாதமே கல்யாணமாகி மலைக்குப் போய்விட்டாள் என்றும் சொன்னார். பிறகு தைலத்தை மூடினார்.

விலாசம் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. நானும் பிச்சைக்கனியும் பொன்முடி அடிவாரத்தில் இருக்கும் வித்துராவுக்கு பஸ் ஏறினோம். (மழை பெய்ததாக எழுத ஆசைப்பட்டேன், பாட்டின் பெயருக்குப் பொருந்தும். அன்று நல்ல வெயில். பிச்சைக்கனி வழியெல்லாம் தூங்கினார்.)

சுசீலாபாய் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு அறையில் தையல் கடை வைத்திருந்தார். அறுபது வயது. கணவர் எஸ்டேட் ஆபீசில் இருந்தவர், இப்போது இல்லை. எங்களை ரவிக்கை தைக்க வந்தவர்கள் என்று நினைத்து அளவு டேப்பை எடுத்தார். பிச்சைக்கனி நோட்டைத் திறந்து மெஷின் மேல் வைத்தார்.

சுசீலாபாய் வாசித்தார். தேதிகளின் மேல் விரல் வைத்து, ஏழு பக்கமும். பிறகு ஏதோ வேறொருவருடைய விஷயம்போல நிதானமாகச் சொன்னார். மலையில் அவர்கள் இருந்த எஸ்டேட் லயத்து வீட்டில் ரேடியோ சரியாகக் கிடைக்காது. ஆகஸ்ட் கடைசியில் சாமான் வாங்க வித்துராவுக்கு இறங்கி வந்தபோது, பஸ் ஸ்டாண்டில் சற்குணத்தைப் பார்த்திருக்கிறார். தன் பாட்டைப் பற்றி ஏதாவது வந்ததா என்று கேட்டிருக்கிறார்.

"பி சைடு ஆரும் கேக்கல்லன்னு சொன்னாரு. பின்ன நான் பாடல்ல. சர்ச்சில சோலோ பாடச் சொல்லுவாவ. நான் பொறத்த நின்னுகிடுவேன்."

அதைச் சொன்னபோது அவர் அழுததாக முதல் வரைவில் இருக்கிறது. அழவில்லை. என் போனைக் கேட்டார்.

5

சற்குணத்தைக் கூப்பிட்டு, போனை மெஷின் மேல் வைத்து, ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"அண்ணே, நான் சுசீலா."

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"ஈரக்குடை ஒண்ணாமது வந்துதா?"

"வந்துது."

"எத்தர ஆழ்ச்ச?"

"ஏழு."

"அன்னைக்கு ஸ்டாண்டுல வச்சு நான் கேட்டேனே."

"கேட்ட."

சுசீலாபாய் போனை வைத்துவிட்டார். காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் ஏழு தேதிகளையும் துணி வெட்டும் சாக்பீசால் எழுதத் தொடங்கினார். தாளில் அது சரியாகப் பதியவில்லை. என் பேனாவைக் கொடுத்தேன். பிச்சைக்கனி அந்தப் பக்கங்களையே கிழித்துத் தருவதாகச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு சிரமம் என்பது முகத்தில் தெரிந்தது. நோட்டு முழுசாக இருக்கட்டும் என்று சுசீலாபாய் சொல்லிவிட்டார்.

6

சற்குணம் ஏன் அப்படிச் சொன்னார்? பஸ்ஸில் திரும்பும்போதே மூன்று காரணங்கள் எழுதினேன். பொறாமை, இது முதல். அவளுடைய கணவர் வீட்டார் வந்து கேட்டுக்கொண்டார்கள், இது இரண்டு. மூன்றாவதாக, அவர் அவளை மனதுக்குள்... (வேண்டாம். இதை எல்லோரும் எழுதுவார்கள்.)

கடைசியில் அவரிடமே போய்க் கேட்டேன். அவர் சொன்ன காரணம் என் மூன்றையும்விடச் சின்னது.

"பொறாமெதான் மேடம், இல்லேன்னு சொல்லல்ல. ஆனா சொன்ன ஒடனே அவளுக்க மொகம் மாறிட்டு. சும்மா சொன்னேன்னு திருத்தணும்னு வாயெடுத்தேன். அப்பம் அவளுக்க பஸ்ஸு வந்துட்டு."

பிறகு? அடுத்த வாரம் போய்ச் சொல்லலாம் என்று இருந்தாராம். ஒரு கடிதம் எழுதலாம் என்றும் இருந்தாராம். ஒரு வருடம் போனபோது சொல்வது கஷ்டமாகிவிட்டது, பத்து வருடம் போனபோது சொல்ல முடியாததாகிவிட்டது. யாராவது பாட்டைப் பற்றிக் கேட்டால் 'நம்ம பாட்டு' என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டார். அது பொய் இல்லை. கேட்டவர்கள் அவருடைய பாட்டு என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவரை வெறுக்கும்படி எழுத முயன்றேன், முடியவில்லை. மன்னிக்கும்படி எழுதுவதற்கு எனக்கு உரிமை இல்லை. மலரில் எழுதுவீர்களா என்று கேட்டார். நோட்டில் இருக்கிறபடி எழுதுவேன் என்றேன். தலையாட்டினார். அவருக்கு அன்று காய்ச்சல் இருந்ததுபோலத் தோன்றியது.

7

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தது. மலரில் என் இரண்டு பக்கங்களும் அப்படியே வந்திருந்தன. இரண்டு பாட்டு, இரண்டு இடம், சுசீலாபாயின் பெயர், தேதிகள். யாரும் வாசிக்கவில்லை. அரங்கில் ஏசி சரியாக வேலை செய்யாததால் எல்லோரும் மலரால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அனிலிடம் நான் முன்பே விஷயத்தைச் சொல்லியிருந்தேன். பேனர் அடித்தாகிவிட்டது, எப்படியும் ஒரே குழுதானே என்றார்.

சுசீலாபாய் வித்துராவிலிருந்து வந்திருந்தார். நான்காம் வரிசையில், எனக்கும் பிச்சைக்கனிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். மேடையில் அனில், ஏழு வாரம் முதலிடத்தில் இருந்த 'இருபத்திரெண்டாம் வளைவு' என்று அறிவித்து, மைக்கைச் சற்குணத்திடம் கொடுத்தார்.

சற்குணம் சொன்னார்: "எனக்க பாட்டு ரெண்டாமதுதான் வந்துது."

அரங்கம் சிரித்தது. பெரிய மனிதரின் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் மறுபடி சொன்னார். கைதட்டல் இன்னும் கூடியது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து 'ஒண்ணாமது, ஒண்ணாமது' என்று தொடங்க, எங்கள் மூவரைத் தவிர எல்லோரும் எழுந்து நின்று அதையே சொன்னார்கள். முப்பத்தாறு வருடம் கழித்து அவர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தார், அவரை நேசித்தவர்கள் அதைக் கேட்க விடவில்லை. உதடு அசைவது தெரிந்தது. சுசீலாபாய் என்ற பெயராக இருக்கலாம். எனக்குக் கேட்கவில்லை.

அப்போது பக்கத்தில் சுசீலாபாய் எழுந்தார்.

அந்த அரங்கின் இடது பக்கக் கோடியில் மேடைக்கு ஏறும் படியும் வெளியே போகும் கதவும் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் நான்கு எட்டு தூரம் இருக்கலாம்.

ஒரு முடிவு எழுதினேன்: அவர் மேடை ஏறி 'ஈரக்குடை'யைப் பாடுகிறார், அரங்கம் அடங்குகிறது. இன்னொன்று எழுதினேன்: கதவைத் திறந்துகொண்டு போய், வித்துரா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருகிறார். இரண்டையும் வாசித்துப் பார்த்தேன். இரண்டிலும் என் கைதான் தெரிந்தது, அவர் இல்லை.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அங்கே இருந்தவர்களுக்கும் தெரியும். இன்னும் சில வருடத்தில் அவர்கள் அதையும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஆனால் மறுநாள் காலை சுசீலாபாய் என்னைக் கூப்பிட்டு, அதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"இவ்வளவு நாளும் அவரு சொன்னதுதான் எனக்க கதையா இருந்துது. இத நான் வச்சுகிடுதேன்."

ஆகவே என்னிடம் இருப்பது இவ்வளவுதான். எல்லோரும் நின்றுகொண்டிருந்ததால் முதலில் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. பிச்சைக்கனி காலை மடக்கி வழிவிட்டார். சுசீலாபாய் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வரிசையிலிருந்து வெளியே வந்து, இடது பக்கமாக நடந்தார்.