தலைகீழ்ப் பட்டை

பிள்ளைப்பாக்கம் கோதண்டத்தின் பிக்கப் வண்டி பாரம் ஏற்ற ஏற்ற உயரும், இறக்க இறக்கத் தாழும். நூறு கிலோவுக்கு நான்கு அங்குலம். சக்கரங்கள் தரையிலேயே இருக்கும். அவற்றுக்கு மேலே உள்ள உடம்பு மட்டும் எஞ்சின், கேபின், பின்தொட்டி எல்லாவற்றோடும் மேலே போகும். 2004 ஆடி மாதத்திலிருந்து இது ஊரறிந்த விஷயம். முதல் வாரம் பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடினார்கள். இரண்டாம் வாரம் மின்வாரியத்து ஆள் வந்து தெருக் கம்பியை இரண்டடி ஏற்றிக் கட்டிவிட்டுப் போனார். மூன்றாம் வாரம் ஊர் பழையபடி தக்காளி விலையைப் பேச ஆரம்பித்துவிட்டது.

வண்டி வாங்கும்போது அப்படி இல்லை. ஏரிப் பாசனத்தில் இருந்த ஒன்றரை ஏக்கரைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்த கோதண்டம், கைக்கு வந்ததை வைத்து இரண்டு காரியம் செய்தார். ஒன்று, இந்தப் பழைய பிக்கப்பை வாங்கினார். இன்னொன்று, மகன் மோகனை ஒரகடம் சாலையில் தகடு அடித்துக் கார் பாகம் செய்யும் ஒரு பிரஸ் ஷாப்பில் கான்டிராக்ட் ஆளாகச் சேர்த்துவிட்டார். மோகனுக்கு அந்த வேலையில் துளியும் இஷ்டமில்லை. அப்பாதான் சூப்பர்வைசர் சங்கரநாராயணன் வீட்டு வாசலில் மூன்று தடவை போய் நின்று வாங்கிக் கொடுத்தார். வண்டியும் அதே பிரஸ் ஷாப்புக்குத்தான் தகடு சுமந்தது. பாரம் ஏறியதும் பின்பக்கம் இறங்கி, முன்விளக்கு இரண்டும் வானத்தைப் பார்க்கும். மட்டம் இல்லாத வண்டி உள்ளே வரக்கூடாது என்று கம்பெனியில் ஒரு சட்டம் போட்டார்கள். கொத்தனார் வைத்துப் பார்க்கும் ரசமட்டத்தைக் கேட்டிலேயே தொட்டியின் மேல் வைத்துப் பார்த்தார்கள். குமிழி நடுவுக்கு வருவேனா என்றது.

அந்தக் கம்பெனியின் பெயின்ட் லைனில் வேலை பார்த்த அருள்பாண்டி கோவில்பட்டிப் பக்கத்து ஆள். ஷிப்ட் முடிந்ததும் கூட்டுரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் பட்டை கட்டுவான். பட்டை என்றால் வண்டியின் பாரத்தைத் தாங்குகிற, வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகள். கோதண்டம் அவனிடம் போனார்.

"இன்னாபா இது, நாய் மாதிரி குந்திகினு கீது. நாலு பக்கமும் சமமா நிக்கணும், அவ்ளோதான்."

"புதுப்பேட்டையில தூக்குக் கட்டையும் எக்ஸ்ட்ரா பட்டையும் கிடைக்கும் அண்ணாச்சி. நாலு சக்கரத்துக்கும் போட்டு மட்டமா நிறுத்திருதேன்," என்றான் அருள்பாண்டி.

சொன்னபடி செய்தான். ஆனால் பெயின்ட் லைனில் பாகங்கள் மேலே ஓடும் சங்கிலியில் தலைகீழாகத்தான் தொங்கி வரும். பதினாறு மாதம் தினமும் எண்ணூறு பாகத்தைத் தலைகீழாக மாட்டிய கைக்கு நேர் எது, கவிழ்ப்பு எது என்பது மறந்துபோயிருந்தது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தவன் புதுப் பட்டை அத்தனையையும் கவிழ்த்து வைத்து முடுக்கிவிட்டான். மூன்று நாள் கழித்துத் தப்பு புரிந்து ஸ்பேனரோடு ஓடி வந்தான். "நல்லாத்தான ஓடுது, உடு," என்றார் கோதண்டம். குமிழி நடுவிலேயே நின்றது, அவருக்கு அது போதும். கேட்டின் குறுக்குக் கம்பி ஒன்பதடி உயரம் என்பதால் எண்ணூறு கிலோவுக்கு மேல் ஏற்ற முடியாது. ஏற்றினால் கேபின் இடிக்கும். அந்த வட்டாரத்திலேயே அளவு மீறாமல் பாரம் ஏற்றிய ஒரே வண்டி அதுதான். வேறு வழியில்லை, பாவம்.

2005 ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. செம்பரம்பாக்கம் நிரம்பியது, பிள்ளைப்பாக்கம் ஏரி கலங்கல் தாண்டியது, வாலாஜாபாத் பக்கம் சாலையே அறுந்துபோனது. தெற்கத்திப் பையன்கள் ஆறு பேர், எட்டு பேராகத் தங்கியிருந்த வாடகை அறைகளுக்குள் முழங்கால் தண்ணீர். மூன்று வாரமாகக் காலையில் எழுந்ததும் அவர்கள் சாப்பாட்டு டப்பாவால் தண்ணீரை மொண்டு வெளியே கொட்டிவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போனார்கள். அப்படியொரு நாள், காலை ஒன்பது இருபதுக்கு, பிரஸ் மெஷின் மோகனின் வலது கையில் கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கையும் எடுத்துக்கொண்டது.

விரல்களைப் பாலிதீன் பையில் சுற்றி, கேன்டீன் ஐஸ் போட்ட டப்பாவில் வைத்தார்கள். சென்னை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டதில், ஆறு மணி நேரத்துக்குள் வந்தால் ஒட்டவைக்கலாம், அதற்குமேல் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். கம்பெனி வேன் போன வேகத்தில் திரும்பி வந்தது. ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் தரைப்பாலத்தின் மேல் ஏழடித் தண்ணீர். அப்போது மணி பத்தே கால். காலையில் தகடு இறக்கிவிட்டு முற்றத்தில் நின்றிருந்த கோதண்டத்தின் வண்டி காலியாக இருந்தது. காலி வண்டியின் தொட்டி தரையிலிருந்து இரண்டரை அடி.

பாரம் வேண்டும். முற்றத்தில் தகடு மலைபோல் கிடந்தது. ஆனால் கம்பெனிப் பொருள் ஒரு ஆணி வெளியே போவதானாலும் ஸ்டோர்ஸ் மேனேஜர் கையெழுத்துப் போட்ட கேட் பாஸ் வேண்டும்; அவரோ வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார். செக்யூரிட்டி அந்தோணிராஜ் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கெட்டவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகளை வைத்திருப்பவர்.

"தகட்ட விட்டா என் சீட்டு கிழிஞ்சிரும்ணே. ஆளுக்குன்னா பாஸ் வேண்டாம், அட்டை அடிச்சாப் போதும்," என்றார் அந்தோணிராஜ்.

அதை அவர் வேண்டுமென்றே சொன்னாரா, வாய்தவறிச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. அருள்பாண்டி முதலில் போய் நேர அட்டையை அடித்தான். பின்னால் வரிசை நின்றது. சங்கரநாராயணன் மெஷின்களுக்கு நடுவே வந்து, குரலை உயர்த்தாமல், போகிறவர்கள் போகலாம், நாளைக்கு வர வேண்டாம் என்றார். வரிசையில் நாலைந்து பேர் கீழே பார்த்தார்கள். ஒவ்வொருவனுக்கும் ஊரில் மணியார்டருக்குக் காத்திருக்கும் வீடு உண்டு. இவர்களைக் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அந்த ஒரு நிமிடம் கோதண்டம் நினைத்தார், கேட்கவும் இல்லை. பிறகு அட்டை அடிக்கும் சத்தம் மறுபடி கேட்டது. அருள்பாண்டியோடு சேர்த்து மொத்தம் இருபத்தைந்து தடவை கேட்டது. மோகனின் அட்டையை அந்தோணிராஜே அடித்தார். டப்பாவைப் பார்த்து ஒரு கணம் தயங்கி, "அது அவன் அட்டையிலயே அடங்கும், போங்க," என்று கேட்டைத் திறந்தார்.

கேட்டுக்கு வெளியே எல்லாரும் ஏறியதும் வண்டி நான்கே முக்கால் அடி உயர்ந்தது. மோகன் அப்பா பக்கத்தில், மடியில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தான். தரைப்பாலத்தை அடைந்தபோது மணி பதினொன்றரை. சக்கரங்கள் எங்கேயோ அடியில், கண்ணுக்குத் தெரியாத பாலத்தின் மேல் உருண்டன. இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் இல்லை. கோதண்டம் எதிர்க்கரைப் பனைமரம் ஒன்றைப் பார்த்து நேராக ஓட்டினார். தலைக்கு மேல் வெள்ளம் போனால் ஜாண் என்ன, முழம் என்ன என்பார்கள். இங்கே அப்படி விட முடியாது, ஏனென்றால் பாலம் நடுவில் ஒரு ஜாண் தாழ்ந்திருந்தது, அதை அவர் மறந்துபோயிருந்தார்.

நடுவுக்கு வந்ததும் தண்ணீர் கேபின் கதவைத் தொட்டது. எஞ்சின் ஒருமுறை விக்கியது. அதே நேரத்தில் வண்டி ஒரு அங்குலம் இறங்கியதைக் கோதண்டம் இடுப்பில் உணர்ந்தார். இன்னொரு அங்குலம். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பினார். யாரும் விழவில்லை. காலையிலிருந்து பெய்த மழை தொட்டிக்குள் கணுக்கால் அளவு தேங்கியிருந்தது. பையன்கள் மூன்று வாரப் பழக்கத்தில், தங்களை அறியாமலே, சாப்பாட்டு டப்பாவை எடுத்து அந்தத் தண்ணீரை மொண்டு வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர், வேகமாக, ஒழுங்காக.

"டேய், கொட்டாதீங்கடா," என்றார் கோதண்டம். சத்தம் வெளியே வரவில்லை. கண்ணாடி வழியாக அருள்பாண்டிக்கு அவர் முகம் மட்டும் தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது.

"ஏலே, உள்ள மொள்ளுங்கலே. தண்ணியும் பாரம்தாம்ல," என்றான் அருள்பாண்டி.

யாருக்கும் உடனே கை திரும்பவில்லை. வெள்ளத்தில் நிற்கும் வண்டிக்குள் வெள்ளத்தை மொண்டு ஊற்ற எந்தக் கைக்கும் மனம் வராது. அருள்பாண்டி சட்டையைக் கழற்றித் தொட்டிக் கதவின் இடுக்கில் அடைத்தான். மற்றவர்களும் கம்பெனி யூனிபாரத்தைக் கழற்றி ஓட்டைகளை அடைத்தார்கள். பிறகு ஓரத்தில் குப்புறப் படுத்து, டிபன் டப்பாவாலும் பாதுகாப்புத் தொப்பியாலும் கலங்கல் தண்ணீரை வாரி வாரி உள்ளே ஊற்றினார்கள். கணுக்கால், ஆடுசதை, முழங்கால். ஒவ்வொரு டப்பாவுக்கும் வண்டி ஒரு மயிரிழை எழுந்தது. மழையும் தன் பங்குக்குக் கொட்டியது. மூன்று வாரமாக அதைத் திட்டியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இருபது நிமிடம் வண்டி நின்ற இடத்திலேயே நின்று ஒன்றரை அடி ஏறியது. கேபின் கதவை விட்டுத் தண்ணீர் கீழே போனது. கோதண்டம் கியரைப் போட்டார். மோகன் அப்போதுதான் முதல்முறையாக, "மெதுவா போப்பா," என்றான். கோதண்டம் அழுதுகொண்டே ஓட்டினார், அழுகைக்காக வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி. மூன்று விரல்கள் பிடித்துக்கொண்டன. சுண்டுவிரல் பிடிக்கவில்லை.

சூப்பர்வைசர் சொன்ன சொல் தவறாதவர். மறுநாள் இருபத்தைந்து பேரின் அட்டையும் பலகையில் இல்லை. செங்கமலம், மோகனின் அம்மா, தன் வீட்டிலேயே இருபத்தைந்து பேருக்கும் உலை வைத்தாள். கோதண்டம் தினமும் காலையில் அவர்களை ஏற்றிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை ஒவ்வொரு கேட்டாக இறக்கி, மாலையில் வேலை கிடைக்காதவர்களை ஏற்றி வந்தார். ஊரில் யாரும் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று அவரிடம் கேட்டதில்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்போது உயரத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். மார்கழி முழுக்க அது ஒரு நாளைக்கு இரண்டு அங்குலம், சில நாள் நான்கு அங்குலம் என்று இறங்கிக்கொண்டே வந்தது. தை மாதம் இருபத்தைந்து பேரில் கடைசி ஆளாக அருள்பாண்டிக்கும் ஒரு டயர் கம்பெனியில் கிடைத்தது.

அன்று மாலை வண்டி வந்தபோது செங்கமலம் தெருவில் குனிந்து பார்த்தாள். இன்னும் இரண்டு அங்குலம் இருந்தது. மோகன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் கையைப் பார்த்துவிட்டு எந்தக் கேட்டும் திறக்கவில்லை. அடுத்த நாளும் பார்த்தாள், அடுத்த மாதமும் பார்த்தாள், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். சித்திரையில் மோகன் மூன்று விரலாலும் கட்டைவிரலாலும் ஸ்டியரிங் பிடிக்கப் பழகிக்கொண்டான். கோதண்டம் இடது பக்கத்து இருக்கைக்கு மாறிக்கொண்டார். அந்த இரண்டு அங்குலம் இறங்கவில்லை. தெருக்காரர்கள் அந்த வண்டியின் உயரமே அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார்கள்.