லலிதா அண்ணியின் மாருதி நிற்கவில்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. என் அண்ணி லலிதா 2004-இல் ஒரு பழைய மாருதி 800 வாங்கினார். அதை வைத்து ஒரு கதை எழுதி, புனே கோர்படியில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அந்தக் கதையில் கார் கண்டாலா மலைப்பாதையில் நின்றுபோகும். அண்ணி இரண்டு பக்கம் படித்தார். பென்சிலை எடுத்தார்.

"என்ற வண்டிய எதுக்குக் கண்ணு நிக்க வெச்சே?"

"கதைக்கு வேணுமுங் அண்ணி."

"கதைக்கு வேணும்னா உன்ற ஸ்கூட்டிய நிக்க வெய்யி."

ஆகவே மறுபடியும் எழுதுகிறேன். கஷ்டம் என்னவென்று உங்களுக்கும் தெரியும். கதையில் ஒரு பழைய கார் வருவதே நிற்பதற்குத்தான். நின்றால்தான் ஆட்கள் இறங்குவார்கள், இறங்கினால்தான் பேசுவார்கள், பேசினால் சண்டை வரும், யாராவது அழுவார்கள், எழுத்தாளர் பிழைப்பார். ஒழுங்காக ஓடுகிற காரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

2

தொடக்கம் ஒன்று: "மழையில் நனைந்த அந்த மாலையில், மலைச்சரிவின் தனிமையில்..."

(அண்ணி அடித்துவிட்டார். அது மே மாதம். தார் உருகுகிற வெயில்.)

தொடக்கம் இரண்டு: "மத்தியதர வர்க்கத்தின் கனவுகளுக்கு நான்கு சக்கரங்கள்..."

(இதை நானே அடித்தேன். கட்டுரைப் போட்டிக்குப் போகவேண்டிய வாக்கியம்.)

சரி, கார் வாங்கிய இடத்திலிருந்து வருகிறேன். என் அண்ணன் ரவிச்சந்திரன் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் அதிகாரி. அண்ணிக்கு மகர்பட்டாவில் ஓர் ஐ.டி. கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் போய்வருவார். இனிமேல் கார்தான் என்று அவரே முடிவு செய்தார், பணமும் அவருடையது. ஆனால் எந்தக் கார் என்று முடிவு செய்வது தன் பொறுப்பு என்று அண்ணன் நினைத்திருந்தார்.

கேம்ப் கடைவீதியில் ஒருநாள் அண்ணன் கண்ணில் டி.என். 37 என்ற நம்பர் பலகை பட்டது. கோயமுத்தூர் நம்பர்.

(வெளியூர் வாசகருக்கு: புனேயில் எங்கு பார்த்தாலும் எம்.எச். 12. நடுவில் சொந்த ஊர் நம்பர் தட்டுப்பட்டால், காரணமே இல்லாமல் கொஞ்ச தூரம் அதன் பின்னால் போகிறவர்கள் நாங்கள். அண்ணன் ஒருபடி மேலே போய், சிக்னலில் கண்ணாடியைத் தட்டி, விற்பீர்களா என்று கேட்டார். விற்பார்களாம்.)

பெரிய டீசல் கார். அண்ணன் அன்று மாலை வீட்டில் நடந்த நடையைப் பார்த்தால் சாவியே கைக்கு வந்துவிட்டது போலிருந்தது.

"நம்மூரு ஆளு. பொள்ளாச்சிப் பக்கம். ஏமாத்த மாட்டாப்ல."

"நம்மூரு நம்பருக்காவ வண்டி வாங்கறதாங்?" என்றார் அண்ணி. "அங்க போயி என்.ஓ.சி. வாங்கோணும். இங்க வந்து மறுக்கா டாக்ஸ் கட்டோணும். அதுவரைக்கும் முக்குக்கு முக்கு போலீஸ் மறிப்பான். அவனுக்கு நம்மூருப் பாசம் இருக்குமுங்களா?"

அண்ணன் செய்தித்தாளை எடுத்தார். தோற்கும்போது அவர் செய்வது அதுதான். அன்று காலைத் தாளை இரண்டாம் முறையாகப் படித்தார்.

3

கோர்படியில் பழைய கார் வாங்க விவரமானவர்கள் விளம்பரம் பார்ப்பதில்லை; எந்த ராணுவ அதிகாரிக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது என்று விசாரிப்பார்கள். கௌஹாத்திக்குப் போகிற குடும்பம் காரைக் கட்டிக்கொண்டா போகும்? மேஜர் ராவத் வீட்டு மாருதியை அண்ணி அப்படித்தான் பிடித்தார். பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டு ஏழு மணிக்கே போய் நின்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"பத்து மணிக்குன்னா ஒம்பதரைக்கே ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிருப்பாங்க. சூடா இருக்கற வண்டி எதுன்னாலும் சட்டுனு கெளம்பீரும். ஆறிக்கெடக்கறது கெளம்புதான்னு பாக்கோணும்."

பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். ஜில்லென்றிருந்தது. சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. அதோடு விட்டாரா? கால்மிதிகளைத் தூக்கி, குனிந்து, தரையை மோந்து பார்த்தார். முந்தின நாள் நல்ல மழை. எங்காவது தண்ணீர் இறங்கியிருந்தால் வாடை காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் கணக்கு. நைட்டியோடு வாசலில் நின்ற திருமதி ராவத், "காரைப் பார்க்கிறீங்களா, மருமகள் பார்க்கிறீங்களா?" என்று இந்தியில் கேட்டார். "மருமகள்னா கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குவேன்" என்று இந்தியிலேயே பதில் சொன்னார் எங்கள் அண்ணி.

எங்கள் அண்ணி என்று எழுதும்போதே எனக்குப் பெருமையாக இருக்கிறது. இருக்கட்டும், அடிக்கப்போவதில்லை.

வண்டி வீட்டுக்கு வந்தது. அண்ணன் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன்ற இஷ்டம். ஆனா வழியில நின்னா நான் தள்ள மாட்டேன்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் இந்தக் கதையில் பணயம் அதுதான். அந்த வீட்டில் அண்ணி தனியாக முடிவெடுத்து வாங்கிய முதல் பெரிய பொருள் இது. ஒருமுறை நின்றால் போதும். அதற்கப்புறம் மிக்சி வாங்கினாலும், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாலும், "உன்ற காரு மாதிரி ஆயிரும்" என்று ஒரு வார்த்தை வரும். அது அண்ணிக்குத் தெரியும்.

4

ஒரு சந்தேகம். அண்ணன் பாத்திரம் எனக்குக் கைவரவில்லை. வில்லனாக்கினால் கதை சுலபமாக ஓடும். ஆனால் அவர் வில்லன் இல்லையே. தோற்றதைச் சொல்லத் தெரியாத மனுஷன், அவ்வளவுதான். நம் வீடுகளில் இப்படி எத்தனை பேர் என்று

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. முடித்தால் உபதேசமாகிவிடும்.)

5

மறு வருடம் மே மாதம். மகள் வைஷாலிக்கு மும்பையில் அமெரிக்க விசா நேர்காணல். அண்ணன் டாக்சி சொல்லலாம் என்றார். அண்ணி சாவியை எடுத்துக்கொண்டார். போகும்போது இறக்கம், பிரச்சினை இல்லை. விசா கிடைத்தது. திரும்பும்போது உச்சிவெயிலில், என்னையும் சேர்த்து நாலு பேரோடு, கண்டாலா ஏற்றம்.

ஓரத்தில் வரிசையாக பானெட்டைத் திறந்துவைத்த கார்கள். ஆவி பறந்தது.

"ஏசிய நிறுத்து" என்றார் அண்ணன்.

"அடிவாரத்துலயே நிறுத்தியாச்சுங்."

"சூட்டு ஊசி மேல ஏறுது பாரு."

"ஊசிய நான் பாத்துக்கறனுங். நீங்க மலையப் பாருங்."

"அப்பா, பஸ் கரோ நா" என்றாள் பின்சீட்டிலிருந்து வைஷாலி, போதும் நிறுத்துங்கள் என்று இந்தியில்.

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) கார் நிற்கிறது. தள்ளமாட்டேன் என்ற அண்ணன் இறங்கித் தள்ளுகிறார். கண்ணீர், அன்பு.

(அடிபட்டது. ஓரத்தில் பென்சிலில்: நிக்கல.)

ஆ) நம் கார் ஏறிவிடுகிறது. வழியில் அந்த டி.என். 37 ஆவி விட்டுக்கொண்டு நிற்கிறது.

(இதுவும் அடிபட்டது. "அந்த வண்டி என்ன பாவம் பண்ணுச்சு? அது எங்கியோ நல்லாத்தான் ஓடிட்டிருக்கும்.")

இ) நடந்தது. மாருதி ஒரு முனகல்கூட இல்லாமல் மேலே வந்தது. லோனாவ்லாவில் நிறுத்தினோம். அண்ணியும் வைஷாலியும் சிக்கி என்கிற கடலைமிட்டாய் வாங்கக் கடைக்குள் போனார்கள். பக்கத்தில் ஒரு பெரிய கார், பானெட் திறந்தபடி. அதன் சொந்தக்காரர் அண்ணனிடம் வந்து, இவ்வளவு சின்ன வண்டி நாலு பேரோடு எப்படி ஏறியது என்று கேட்டார். அண்ணன் மாருதியின் கூரைமேல் கையை வைத்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற இந்தியில் சொன்னார்: "என் மனைவி தேர்ந்தெடுத்த வண்டி. நான் வேண்டாம் என்றேன். நல்லவேளை, அவள் என் பேச்சைக் கேட்கவில்லை."

வீட்டாரில் அருகில் நான் மட்டும்தான் இருந்தேன்.

6

முழுவதையும் மறுபடி எழுதி, போன ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனேன். அண்ணி கடைசிவரை படித்தார்.

"இது நீயாக் கட்டினது. அவுரு இப்பிடியெல்லாம் பேசவே மாட்டாரு."

"என்ற காதால கேட்டனுங் அண்ணி."

"ஏனுங், லோனாவ்லாவுல இப்பிடிச் சொன்னீங்களா?"

அண்ணன் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். "லோனாவ்லாவுல நல்ல வெய்யலு. அதுதான் ஞாபகம்."

"பாத்தியா?" என்றார் அண்ணி.

இதுதான் என் நிலைமை. மழை, கண்ணீர் என்று நான் புளுகியதையெல்லாம் சரியாகக் கண்டுபிடித்து அடித்தவர், நான் எழுதியதிலேயே பெரிய நிஜத்தைப் பொய் என்கிறார். சாட்சி நான் ஒருத்திதான். நானோ கதை எழுதுகிறவள். அவர் சொன்னாரா இல்லையா என்று இனி நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அண்ணி அந்தப் பத்தியை இன்னொரு முறை படித்தார். பென்சில் முனை அந்த மூன்று வாக்கியங்களின் மேலேயே நின்றது. பிறகு பென்சிலை வைத்துவிட்டு, "டீ வெக்கட்டுமா?" என்று எழுந்து போனார். பொய் என்று இன்னமும் சொல்கிறார். ஆனால் அடிக்கவில்லை.