சாத்தாத கேட்டும் எளிய குடும்ப நடையும்

1

இந்தக் கதை ஒரு பலகையிலிருந்து கிளம்பியது. பண்ணைகளுக்கு நடுவே போகும் நடைபாதையின் தொடக்கத்தில் அதை நட்டிருந்தார்கள்: ‘எளிய நடை. குடும்பத்துக்கு ஏற்றது.’ எந்தக் குடும்பத்துக்கு என்று எழுதவில்லை. எங்களைப் பார்த்திருந்தால் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

போனது மூன்று பேர். நான், அக்கா, அத்தான். அவர்கள் இருவரும் பேச்சை நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. அக்கா கோபித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். காலாற நடந்தால் சமாதானமாவார்கள் என்று நான்தான் திட்டம் போட்டேன். என் கட்டில் எனக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதும் திட்டத்தில் அடக்கம். ஆகவே முடிவு விஷயத்தில் என்னை முழுசாக நம்ப வேண்டாம்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘பனி விலகாத புல்வெளியின் மேல் இளங்கதிர் தன் பொற்கரங்களை’

அடச்சீ. நாங்கள் போனது உச்சி வெயிலில். மண்டை பிளந்தது.

இடப்பக்கம் கல்சுவர் எழுப்பிய பழைய தானியக் கிடங்கு, அதை ஒட்டி வைக்கோல் கொட்டகை, தள்ளி ஒரு தொழுவம். வலப்பக்கம் முழுக்கப் புல்வெளி. நின்று ரசிக்க வேண்டிய இடம்தான். ஆனால் மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

“டேய், உங்க அத்தானுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு.”

“வேணாம்னு சொல்லு, மாப்ளே.”

“வெயில்ல மயங்கி விழுந்தா என்னால தூக்க முடியாதுன்னு சொல்லு.”

“சரி, குடுக்கச் சொல்லு.”

அத்தான் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.

3

சண்டைக்குக் காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். தானாகச் சாத்திக்கொள்ளும் கதவுகளோடு காலம் தள்ளியவர். அதனால் வீட்டில் எந்தக் கதவையும் சாத்த மாட்டார். பீரோ, ஃப்ரிட்ஜ், குளியலறை, வாசல், எல்லாமே ஆவென்று திறந்து கிடக்கும். அக்கா பின்னாலேயே ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வருவாள். ஒருநாள், “இனிமே சாத்த மாட்டேன்” என்றாள். கிளம்பிவிட்டாள்.

(இந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை என்கிறார் எனக்காகக் கதைகளைப் படித்துப் பார்க்கும் நண்பர். எனக்கும் நம்பிக்கை இல்லைதான். என்ன செய்ய, அக்காவைக் கட்டிக் கொடுத்தாயிற்று.)

சிரித்துவிட்டீர்களா? நானும் சிரித்தேன். அப்போது அக்கா சொன்னாள்: “கதவு இல்லடா விஷயம். பின்னாடி ஒருத்தி வர்றான்னு அவருக்கு நெனப்பே இல்ல.” அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4

பாதை புல்வெளிக்குள் புகுந்து வெளியேறும் இடத்தில் ஒரு மரக் கேட். ‘கன்றுகள் மேய்கின்றன. சாத்திவிட்டுச் செல்லவும்.’ முதலில் நான் வெளியே வந்தேன், அடுத்து அக்கா, கடைசியில் அத்தான்.

இனி நான் விளக்க வேண்டியதில்லை.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை, சபதம் போட்டவள். நானும் பார்க்கவில்லை, கடைசியில் வருகிறவர் சாத்துவதுதானே முறை? கொஞ்ச தூரம் போனதும் பின்னால் மூச்சுச் சத்தம். மேய்ந்துகொண்டிருந்த கன்றுகள் திறந்த கேட் வழியாக வெளியேறி, கல்யாண வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் மாதிரி கூட்டமாக எங்களைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. முதல் கன்று அத்தானின் சட்டை நுனியை மென்றது.

“ஐயோ, உங்க பின்னாடி பாருங்க!”

அக்காதான் கத்தினாள். அத்தானிடம், நேராக.

அப்புறம் ஒரே ரகளை. அக்கா கையைத் தட்டித் தட்டி விரட்டினாள். நான் பாதையோரக் குட்டைச் சுவர் மேல் ஏறி நின்று (உதவினேன்). அத்தான் கேட் பக்கத்தில் நின்று, “உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க” என்று லிஃப்ட் பழக்க தோஷத்தில் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக ஏற்றினார். கடைசிக் கன்றும் போனதும் கேட்டைச் சாத்தினார். கொக்கியை மாட்டினார். இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

5

அந்த இடத்தில் அவர் சொன்னதாக நான் எழுதியது: ‘நீ இல்லாத வீட்டில் திறந்தாலென்ன, மூடினாலென்ன?’

அக்கா படித்துவிட்டு, “யாரு, இவரா?” என்று பேனாவால் கிறுக்கிவிட்டாள். உண்மையில் நடந்த பேச்சு இது:

“பால் கெட்டுப்போச்சு.”

“ஃப்ரிட்ஜ் திறந்தே கெடந்துதா?”

“ம்.”

“எப்போலேர்ந்து?”

“நீ போனதிலேர்ந்து.”

அக்கா கன்றுகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று கேட்டேன். அதைக் கதையில் எழுதக் கூடாது என்றாள்.

6

முடிவு ஒன்று: அத்தான் திருந்திவிட்டார். (அக்கா ஓரத்தில் எழுதியது: ‘பொய்.’)

முடிவு இரண்டு: அக்கா இனி எனக்கே சமைத்துப் போட்டுக்கொண்டு (ஓரத்தில்: ‘நெனப்புதான்.’)

முடிவு மூன்று: அன்று மாலையே இருவரும் கைகோத்து

இதை எழுதும்போதே அத்தான் வந்திருக்கிறார். முன்னறையில் பேசிக்கொள்கிறார்கள். நடுவில் என்னை யாரும் கூப்பிடவில்லை. வேலை போன மத்தளமாக உட்கார்ந்திருக்கிறேன்.

“டேய், என் பை எங்கடா?”

கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதில் துணியை அடுக்கப் போகிறாளா, இருப்பதையும் வெளியே எடுத்து என் பீரோவில் வைக்கப் போகிறாளா, குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. போய்விடு என்று சொல்லவும் மனசில்லை, இரு என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போகிறேன். மீதியை நீங்கள் எழுதுங்கள். என்ன எழுதினாலும் முதலில் அவளிடம் கேட்டுவிடுங்கள்.